தடைக்காலத்தில் ஒரு புட்டிங்

கேஸ் புக் பண்ணி ஒன்பது நாள் ஆகிறது.
அதனால்தான் அடுப்பே வேண்டாத பண்டமாகத் தேடி
போனைச் சுவரில் சாய்த்து வைத்தாள் மெர்லின்.
தடைக்காலம் அறுபத்தொரு நாளில்
முப்பத்து நாலு போயிருந்தது.
காசிமேட்டில் விசைப்படகெல்லாம்
தோளோடு தோள் இடித்துக்கொண்டு கிடக்க,
ஸ்டெல்லா எக்ஸ்போர்ட் கம்பெனியில் காஜா அடிக்கப் போய்விட்டாள்.
நாளைக்கு எண்ணூரிலிருந்து அவள் அண்ணன் வீடு,
திருவொற்றியூரிலிருந்து தங்கச்சி வீடு.
லீவு விட்ட பிள்ளைகள் மட்டுமே பதினோரு உருப்படி.

மேரி பிஸ்கெட் ஆறு பாக்கெட்.
கண்டென்ஸ்டு மில்க் டின் ரெண்டு, கடனில்.
கல்மண்டபம் மார்க்கெட்டில் பங்கனப்பள்ளி மூணு;
ஒன்றுக்கு அடியில் கறுப்பு, அதற்கு அஞ்சு ரூபாய் குறைத்தான்.

"காப்பித்தூள் பால்ல முக்கி
மூணு எண்றதுக்குள்ள எடுத்துடணும்ப்பா."
எண்ணத் தொடங்கும்போதே
முதல் பிஸ்கெட் என் விரலுக்கிடையில் சேறாகிவிட்டது.
ரெண்டாவதும்.
மூணாவதை அவள் எடுத்துக் காட்டினாள்,
தண்ணீரில் கை வைத்துப் பார்க்கிற மாதிரி
சும்மா தொட்டு.

ஆனால் அடுக்குவது எனக்குத் தெரியும்.
ஐஸ் ரூமுக்குள் முதுகு வளைந்து
இருபது வருஷம் அடுக்கியிருக்கிறேன்.
அடியில் ஒரு வரி ஐஸ், மேலே சங்கரா,
மறுபடி ஐஸ், மறுபடி மீன்.
ஓரத்தில் சந்து விட்டால்
அங்கிருந்துதான் கெடத் தொடங்கும்.
பிஸ்கெட்டை உடைத்து மூலை மூலையாக அடைத்தேன்.
"வீடியோல அப்டி இல்லப்பா."
"வீடியோ எடுத்தவன் கடலுக்குப் போயிருக்க மாட்டான்."
அதற்கு மேல் அவள் பேசவில்லை.
மாம்பழத்தை மட்டும் அவளே வெட்டினாள்,
என் வெட்டு மீன் துண்டு மாதிரி இருக்கிறதாம்.

ஒன்பதே முக்காலுக்கு கரண்ட் போனது.
பத்தரைக்கும் வரவில்லை.
ஃபிரிட்ஜைத் திறக்காமலே
அதன் கதவில் காது வைத்துக் கேட்டேன்.
உள்ளே எட்டு மணி நேரம் ஆகவேண்டிய தட்டு.
பதினொன்றுக்கு அதை மடியில் வைத்துக்கொண்டு
லூர்துவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்தேன்.
ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும்
"மெதுவா, மெதுவா" என்றேன்,
பிரசவத்துக்குக் கூட்டிப்போகிறவன் போல.

ஃபைபர் போட்டுக்காரர்களுக்காக
ஒரு ஐஸ் கம்பெனி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
அரை பார் உடைத்து வாங்கினேன்.
எங்கள் லாஞ்சில் சும்மா கிடந்த பெட்டியைப்
புளி போட்டு மூணு தரம் தேய்த்தேன்.
எலுமிச்சை போட்டு ஒரு தரம்.
தட்டுக்கு ரெண்டு சுற்று பிளாஸ்டிக்.
அடியில் ஐஸ், சுற்றி ஐஸ், மூடிமேல் சாக்கு.
பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.
படகுகள் ஒன்றையொன்று உரசி
இரவெல்லாம் முனகின.
நிவாரணப் பணம் வந்துவிட்டதா என்று
போனை நாலு தரம் பார்த்தேன்.
பெட்டியை ரெண்டு தரம்.

மறுநாள் ஸ்டெல்லா தட்டை மூக்கருகே கொண்டுபோய்
என்னை ஒரு பார்வை பார்த்தாள்.
ஒன்றும் சொல்லாமல்
மேலே ஏலக்காய் இடித்துத் தூவினாள்.
தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

பிள்ளைகள் கரண்டிக்கு அடித்துக்கொண்டார்கள்.
நடுப்பகுதி இன்னும் தளதளவென்றுதான் இருந்தது;
அதை மெர்லின் எங்கள் பக்கம் திருப்பிவிட்டு
கெட்டியான ஓரங்களைப் பிள்ளைகளுக்கு வெட்டிக் கொடுத்தாள்.

அருளப்பன் மச்சான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.
போன வருஷத்துப் பங்குக் கணக்குக்குப் பிறகு
என்னிடம் நேராக ஒரு வார்த்தை இல்லை.
ஒரு வாய் வைத்தார்.
நாக்கில் உருட்டினார்.
இன்னொரு வாய்.
ஏலக்காய்க்குக் கீழே இருந்ததை
அந்த மூக்கு கண்டுபிடிக்காமல் இருக்குமா?

"ஐஸு யாரு போட்டது?"

"நான்தான்."

காலித் தட்டை
என் பக்கமாக நீட்டினார்.