பங்காளிகள்

ஸ்கேன் மேசையில் படுத்தபடி கேட்டார்
பேரணாம்பட்டுத் தோல்ஷாப் மேஸ்திரி நிசார்:
"ராத்திரியில இந்தக் காந்தத்தை அணைப்பீங்களா?"

இல்லை பாய்.
ஒன்பது வருஷம் முன்பு ஏற்றிய மின்சாரம்
இன்னும் ஓய்ந்தபாடில்லை.

எலக்ட்ரான்கள் பங்காளிகள்.
எதிர்ப்பட்டால் விலகும்.
ஆனால் பாலாற்று மணலில் ஒருவன்
ஊற்றுத் தோண்டிவிட்டுப் போகிறான்.
அவன் கரையேறின பிறகுதான்
குழியில் தண்ணீர் ஊறும்.
பின்னால் வரும் பங்காளியை
அந்த ஈரம் இழுக்கும்.
முகம் பார்த்துக்கொள்ளாத ஜோடி,
எதிலும் இடறாது.

கம்பிக்குள் அணுக்களின் வரிசைதான்
அந்த மணல்.
சூட்டில் குலுங்கினால்
குழி தூர்ந்துவிடும்.
அதற்குத்தான் ஹீலியக் குளிர்.

வெளியே வேலூர், நூற்றெட்டு டிகிரி.

"அப்போ கரண்ட் பில்லு?"

குளிர வைக்கத்தான் பாய்.
அசையாதீங்க.