நாற்பத்தொன்பது கிலோ

தான்சானியா ஏரிக்கரையில் ஏழு வருஷம்
வலை பின்னிவிட்டு
காசிமேட்டுக்குத் திரும்பினார் எத்திராஜ்.
முதலில் வயிறு வந்தது, பின்னால் அவர்.
வெளிக்குப் போனால் ரத்தம்.

மூலம் என்றார்கள், சூடு என்றார்கள்.
மோர் குடித்தார்.

ஸ்டான்லியில் லேப் குணவதிதான்
மைக்ரோஸ்கோப்பில் பிடித்தாள்:
முட்டை, விலாவில் ஒரு முள்.
"நத்தைலேர்ந்து தண்ணி, தண்ணிலேர்ந்து தோலு,
அப்புறம் ரத்தம். ஜோடிப் புழுக்கா.
ஆம்பளை உடம்புல ஒரு மடிப்பு,
அதுக்குள்ள பொம்பளை.
வருஷக்கணக்கா பிரியாதுங்க."

சிரித்துவிட்டேன்.
ஏழு வருஷம்
என் பாயின் மறுபாதி சுருட்டியே கிடந்தது.
இவர் குடலோரம்
யாரோ குடும்பம் நடத்தியிருக்கிறார்கள்.

எடை பார்த்து மாத்திரை கொடுத்தார்கள்.
நாற்பத்தொன்பது கிலோ,
அதுங்களையும் சேர்த்து.

முழுங்குங்க என்றேன்,
தண்ணீர் டம்ளரை
ஒருதரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு.