மூன்று கொப்பிகள்

புதன்கிழமை நரம்பு.
வெள்ளி, தைரொயிட்.
தோலுக்கு மாதத்தின் இரண்டாம் செவ்வாய்.
ஒவ்வொரு கிளினிக்குக்கும் ஒரு கொப்பி.
மட்டையில் என் பெயரை மூன்று தாதியர்
மூன்று விதமாய் எழுதியிருக்கிறார்கள்:
சுகிர்தமலர்,
சுகிர்தா மலர்,
ஒன்றில் வெறும் மிஸிஸ் மலர்.
நரம்பு டொக்டர் தோல் கொப்பியைத் திறப்பதில்லை.
தோல் டொக்டர் கழுத்தைக் கேட்பதில்லை.
உள்ளே அவை
ஒரே கோப்பையில் சாப்பிடுகின்றன.

இருபத்தாறில் கழுத்து.
விடிய வெறும் வயிற்றில் ஒரு வெள்ளைக் குளிசை,
பிறகு அரை மணித்தியாலம்
தேத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பது.
முப்பத்தொன்றில் மணிக்கட்டில் வெண்பொட்டு.
மறைக்கவென்றே அகலப் பட்டி வைத்த மணிக்கூடு வாங்கினேன்.
முப்பத்தேழில், காலி வீதியில்,
நூறாம் இலக்க பஸ்ஸின் சிவப்பு
இடது கண்ணுக்கு மட்டும்
தோய்த்துத் தோய்த்து வெளிறிய சீலையாயிற்று.
வலதை மூடிப் பார்த்தேன்.
இடதை மூடிப் பார்த்தேன்.
ஏறுறதா இல்லையா என்று கத்தினான் நடத்துனர்.

புதுக்கடை நீதிமன்றத்தில்
மொழிபெயர்ப்பாளர் வேலை எனக்கு.
தமிழில் சொன்னதைச் சிங்களத்தில்,
கூட்டாமல் குறைக்காமல்
தன்மையில் சொல்ல வேண்டும்.
"நான்தான் கத்தியை எடுத்தேன்" என்று
எவனோ தலைகுனிந்து முணுமுணுத்ததை
நிமிர்ந்து நின்று
நான் என்றே சொல்லியிருக்கிறேன், பதினொரு வருஷம்.
சீட்டுக்காசைச் சுருட்டியவள் நான்.
மருமகளின் தாலிக்கொடியை அடகு வைத்தவள் நான்.
பின்னேரம் படியிறங்கும்போது
எல்லாரையும் மன்றிலேயே விட்டுவிட்டு
என் நானை மட்டும் எடுத்துக்கொண்டு வருவேன்.

அது என்னுடையதுதான் என்று
எவ்வளவு நிச்சயமாய் இருந்திருக்கிறேன்.

டொக்டர் ரணவீர படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
மூளைக்குள் வெண்பொட்டுகள்.
மணிக்கூட்டின் பட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.
"உங்கள் காவற்காரர்கள்தான்," என்றார்,
"வீட்டுக்காரரை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை."
ஒருகாலம் வெள்ளவத்தையில்
சந்திக்குச் சந்தி அட்டையை நீட்டியவள்தான்.
எந்தப் பைக்குள் அட்டை என்றாவது தெரிந்திருந்தது.
நரம்பின் உறை
எதை எடுத்து நீட்டும்?

அம்மாவுக்கு இதைத் தமிழில் சொல்ல வேண்டும்.
தன்னுடல் தாக்கு நோய்.
தன்மானம், தன்னடக்கம், தன்னலம் எல்லாம்
கூப்பிடாமலே வந்து நின்றன,
இந்தத் தன் மட்டும்
வாய்க்குள் நிற்கவில்லை.
"நரம்புத் தளர்ச்சியாம்" என்றேன்.
பதினொரு வருஷத்தில்
என் முதல் பிழையான மொழிபெயர்ப்பு.

வாட்டில் பக்கத்துக் கட்டில், மாளிகாவத்தை ஃபரீஹா.
இருவருக்கும் மூன்று நாள் ஸ்டெரொயிட் சேலைன்.
"ஒங்களுக்கு எத்தின?" என்றாள்,
பிள்ளைகளைக் கேட்பதுபோல.
மூன்று என்றேன்.
"எனக்கும் மூணுதான். மூத்தது சீனி,
நடுவுல சொரியாசிஸ்,
இது கடைக்குட்டி. இதுக்குத்தான் பிடிவாதம் கூட."
கடைக்குட்டிக்கு ஏற்றும் மருந்தில்
மூத்தது துள்ளுகிறது:
விரல் நுனியில் ஊசி, முன்னூற்றுப் பத்து,
மறுபடி ஊசி, முன்னூற்று நாற்பது.
நடுவிலான் அடங்கிக் கிடக்கிறான்.
"மருந்து நிக்கட்டும், அவன் காட்டுவான்."
சிரித்தாள். சேலைன் குழாய் ஆடியது.
தாதி வந்து இருவரையும் ஏசினாள்.

பங்குனி. மன்றில் மின்விசிறி நின்றுவிட்டது.
வெயில் ஏற ஏற
இடது கால் என்னைவிட்டுப் போவதை உணர்ந்தபடி
கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு
யாருடையவோ "எனக்குத் தெரியாது ஐயா"வை
சிங்களத்தில் சொல்லி முடித்தேன்.
நீதவான் கண்ணாடியைக் கழற்றினார்.
"கதிரை ஒன்று வேண்டுமா?" என்றார்.
பழக்கதோஷம்.
எதிரியிடம் திரும்பி
"கதிரை ஒன்று வேண்டுமா?" என்று தமிழில் கேட்டேன்.
அவன் என் முகத்தைப் பார்த்தான்,
பிறகு காலை.
"ஓம் ஐயா, வேணும்" என்றான்.
நீதவான் பக்கம் திரும்பி,
கூட்டாமல் குறைக்காமல்,
எனக்கு வேண்டும்
என்றேன்.