இடப்பக்கச் சரிவு

போனில் அளவு சொல்லவில்லை முனிரத்னா.
போச்சம்பள்ளி சந்தை முடித்து நேரே வந்தாள்
பழையபேட்டை பட்டறைக்கு.
கையை நீட்டினாள்:
"இதுக்குத் தோதா ஒரு மடக்குக் கத்தி, அஸ்கர் அண்ணே."

இடது கை.
கட்டைவிரலில் பழைய வெட்டுகள்
ஒன்றின்மேல் ஒன்றாக, மாம்பால் ஏறிக் கறுத்து.

சந்தூரில் நர்சரி. நாளுக்கு நானூறு ஒட்டு.
"வலக்கையில குச்சி இருக்கும்.
கத்தி ஒத்தக் கையில திறக்கணும், ஒத்தக் கையில மூடணும்.
பல்லால இழுத்து இழுத்து
இந்த ஓரப்பல் பாதி போச்சு."

காகிதத்தில் கையை வைக்கச் சொல்லி
சுற்றி வரைந்தேன்.
பள்ளிக்கூடத்தில் ஸ்கேலால் அடித்து
மாற்றப் பார்த்த கையாம். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அட்டையில் நாலு கத்தி வெட்டினேன்,
அச்சுக்குக் குண்டூசி.
முதலாவது நீளம், இடுப்பில் குத்தும்.
இரண்டாவது அழகு, என் கண்ணுக்கு.
அவள் திறந்து, மூடி, திறந்து
மேசையோரம் தள்ளிவிட்டாள்.
"பிடிக்கு மாங்கட்டை போடட்டுமா?"
"நாள் முழுக்க அதைத்தானே அறுக்கிறேன். வேற போடுங்க."
புளிய வைரம் என்று முடிவானது.

இரும்பு, பர்கூர் மேட்டில் கவிழ்ந்த
கிரானைட் லாரியின் பேரிங் வளையம்.
வளைந்தே பழகியதை நேராக்க ஒரு பகல் போயிற்று.
எண்ணெயில் முக்கியதும் எழுந்த புகைக்கு
எதிர் டயர் கடை சம்பங்கி
மணல் வாளியோடு ஓடிவந்தார்.
பிறகு வீட்டில், கேக் அடுப்பில், இரண்டு மணி நேரம்.

ஓரம் பிடித்தேன்.
இருபத்தியோரு வருஷப் பழக்கம், கை தானாகப் போகும்.
முழங்கை ரோமம் வழித்தது.
தொங்கவிட்ட செய்தித்தாள் சத்தமின்றி இரண்டானது.

அவள் ஒரே ஒரு குச்சி சீவினாள்.
வெட்டுமுகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினாள்.
நடுவில் மெல்லிய குழி,
மழை தங்கும் பாறையில் இருப்பது போல.
"இதுல காத்து நிக்கும் அண்ணே.
காத்து நின்னா ஒட்டு கருகிடும்."

சரிவை வலப்பக்கம் வைத்திருக்கிறேன்.
பூட்டு, குமிழ், பிடியின் வளைவு
எல்லாம் அவளுக்கு.
ஓரம் மட்டும் எனக்கு.

பத்து நாள் தவணை கேட்டேன்.
சோறு தவிர மற்றதெல்லாம் இடது கையில்:
டீ கிளாஸ், ஷட்டர் பூட்டு, பெட்ரோல் பங்கில் சில்லறை.
சட்டையெல்லாம் டீக்கறை.
அதற்குப் பிறகுதான் கல்லில் வைத்தேன்
இரண்டாவது தகட்டை.

இந்த முறை செடியோடு வந்திருந்தாள்,
கறுப்புப் பையில் ஒரு சாண் கன்று.
சீவினாள். மல்கோவாக் குச்சியைச் செருகினாள்.
இரண்டு முகமும் சேர்ந்த இடத்தில்
வெளிச்சம் நுழைய வழியில்லை.
பாலிதீன் நாடாவைச் சுற்றி, பல்லால் அறுக்கப் போனவள்
நிறுத்தி, கத்தியைப் பார்த்து,
கத்தியாலேயே அறுத்தாள்.

"நீங்க ஒருதரம் திறந்து பாருங்க."

வாங்கினேன், வலக்கையில்.
கட்டைவிரல் குமிழைத் தேடித்தேடி
வழவழத்த புளியில் வழுக்கியது.
நான் செய்த கத்தி
எனக்குத் திறக்கவில்லை.

அவள் பிடுங்கி, சொடுக்குப் போடும் சத்தத்தில்
ஒருதரம் திறந்து மூடி
இடுப்பில் செருகிக்கொண்டாள்.
"சந்தூர் பஸ் போயிருக்குமா?"
பணத்தை எண்ணுவதற்குள் தெருமுனை தாண்டிவிட்டாள்.
மேசைமேல் அந்தக் கன்று.
துளிர்த்ததா என்று சொல்ல
இன்னும் பதினைந்து நாள் ஆகும்.