பழுப்புக்கு எத்தனை பக்கம்

ஃபோர்ட்டில் அந்தக் கடை
சனிக்கிழமை நான்கு மணிக்கு ஷட்டரை இறக்கிவிடும்.
மணி மூன்றே கால். சம்பளம் வந்து இரண்டு நாள்.
பறவைப் புத்தகம் வேண்டும் என்றேன்.
ஹர்ஷத்பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
எந்தப் பறவைக்கு என்றார்,
எந்த வலிக்கு மாத்திரை என்று கேட்பதுபோல.

தெரிந்தால் எதற்குப் புத்தகம்?

முதலில் வந்தது தலையணை.
பாகிஸ்தானில் தொடங்கி பர்மா விளிம்பு வரை
ஆயிரத்து முந்நூறு பறவை.
பனிமலைக் கோழிகளுக்கே எட்டுப் பக்கம்.
அந்தமானை விட்டு வெளியே வராத ஆந்தைகள்
என்னைப் பார்த்து விழித்தன.
ஒரு கையால் தூக்கி
மறு கையால் அலமாரிக் கம்பியைப் பிடித்துப் பார்த்தேன்.
ஹர்ஷத்பாய்க்குச் சிரிப்பு.
ஹார்பர் லைனில் எட்டு பதினேழு வண்டியில்
எனக்கு இருப்பது ஒரு கைதான் என்று
அவருக்கு எப்படித் தெரியும்.

அடுத்தது புகைப்படங்கள்.
கல்யாண ஆல்பம்.
மூடிவிட்டேன்.

என்னிடம் ஒரு பரீட்சை இருந்தது.
அன்டாப் ஹில், மூன்றாம் மாடி,
எக்ஸாஸ்ட் ஃபேன் வயரில் தொங்குகிறது ஒரு கூடு:
சிலந்தி நூல், துடைப்பத்துச் சிம்பு,
ஒரு ரூபாய் ஷாம்பு உறையின் ஓரம்.
கட்டுகிறவள் தனியாகக் கட்டுகிறாள்.
மேலே கசங்கிய பழுப்பு, கீழே வெளுத்த மஞ்சள்.
அவன் எப்போதாவது வருவான்,
வெயிலில் ஊதாவும் நீலமுமாக மின்னி
இரண்டு வரி கத்திவிட்டுப் போவான்.
எல்லாப் புத்தகத்திலும் அவன்தான் தேன்சிட்டு.
தலையணையில் அவளுக்குக் கிடைத்தது ஒரு சொல்:
பெட்டை, மங்கல்.
ஆல்பத்தில் அதுவும் இல்லை.

கடைசித் தட்டில் ஒல்லியாக ஒன்று.
மேற்குக் கரை மட்டும்.
இருநூற்று எண்பத்திரண்டு பறவை,
போன ஜூலை வெள்ளத்தில் நனைந்த மூலை.
நூற்று அறுபத்தொன்றாம் பக்கம்.
ஒரே கிளையில் இருவர்,
ஒரே அளவில்.
அவள் அலகின் வளைவுக்கு ஒரு அம்புக்குறி.
கீழே நீள அலகுக்காரி ஒருத்தி:
இவளோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பெயர்கள் ஆங்கிலத்தில், மராட்டியில்.
தமிழுக்கும் இடம் விட்டிருந்தார்கள்,
அதாவது ஓரத்தில் வெள்ளையாக.

ஒவ்வொரு பறவைக்கும் கட்டைவிரல் அளவு வரைபடம்.
பச்சை என்றால் எப்போதும் இருப்பது,
நீலம் குளிருக்கு வருவது.
ரேஷன் ஆபீசில் என் அப்பாவிடம் கேட்டார்கள்,
எந்த வருஷம் வந்தீர்கள், எதற்கு வந்தீர்கள்.
இதில் கேள்வி ஒன்றுதான்:
எந்த மாதம் காணலாம்?

ஆயிரம் பறவை விட்டுப்போகுமே பென், என்றார் ஹர்ஷத்பாய்.
போகட்டும்.
வராத விருந்துக்கெல்லாம் இலை போட முடியுமா.
நானூற்றைம்பது.
நனைந்த மூலைக்கு நாற்பது கழித்தார்.

மறுநாள் செவ்ரி படகுத்துறை.
ஓதம் வற்றிக்கொண்டிருந்தது.
தூரத்தில் ரோஜா நிறத்தில் பூநாரைகள்,
எல்லா ஃபோன்களும் அவற்றின் பக்கம்.
அவற்றுக்குப் புத்தகம் தேவையில்லை.
இங்கே, துருப்பிடித்த கப்பலின் நிழலில்,
எண்ணெய் மினுங்கும் சேற்றில்
சிறுசுகள் ஓடின, நின்றன, குத்தின, ஓடின.
உள்ளான். அதுவரை எனக்குத் தெரியும்.
எந்த உள்ளான்?
எண்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்றொன்று வரை
பதினோரு பழுப்புகள்.
கால் மஞ்சளா கறுப்பா பாருங்கள் என்கிறது புத்தகம்.
பார்த்தேன்.
எல்லாக் கால்களும் சேற்று நிறம்.

பக்கத்தைத் திருப்புவதற்குள்
மொத்தமாக எழும்பி, ஒருமுறை வெள்ளையாகத் திரும்பி,
பைப்லைனுக்கு அப்பால் போய்விட்டன.

இரண்டு படங்களுக்கு நடுவில்
பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன்.
தேதி. ஏழு நாற்பது.
ஓரத்து வெள்ளையில்: உள்ளான், ஏதோ ஒன்று.
அதன்மேல் என் கட்டைவிரல் சேறு.

இனி இதைத் திருப்பிக் கொடுக்க முடியாது.