உடை உடுத்தி வந்திருக்கிறேன்

யாருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை.
குற்றம் சொல்வதற்கில்லை.
இந்தக் கூடத்துக்குள் முதல்முறையாக
உடை உடுத்தி வந்திருக்கிறேன்:
பச்சைக் கோட்டு, தங்கையின் காதணி,
வாசலிலேயே காற்று கலைத்துவிட்ட தலைமுடி.

புன்டா அரேனாஸின் டிசம்பர் இப்படித்தான்.
இரவு ஒன்பதரைக்கும் ஜன்னலில் வெயில்.
தெருமுனையில் கட்டிய கயிற்றைப் பிடித்து
ஒருவர்பின் ஒருவராக விழாவுக்கு வருகிறார்கள்.
இறைச்சி அடைத்த எம்பனாடா,
ஊதாநிறக் கலஃபாத்தே பழரசம்,
அதில் யாரோ தாராளமாகக் கலந்துவிட்ட பிஸ்கோ.

சுவரெல்லாம் நான்.
கரித்துண்டில் பதினேழு, செங்காவியில் ஆறு.
ஒன்றில் எனக்கு முகமே இல்லை.
ஒன்றில் மூன்று முழங்கால்கள்.
கதவோரம் தொங்குவதில்
என் வயிற்றுத் தழும்பு மார்புவரை ஏறியிருக்கிறது.
அவ்வளவு நீளமில்லை.
அறுத்த டாக்டர் பார்த்தால் வழக்குப் போடுவார்.

யாருடைய அப்பாவோ,
என் தொடைக்கு முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு
என்னிடமே கேட்டார்:
"இந்த அம்மாவுக்குக் குளிராதா?"
"குளிரும்" என்றேன்.

டீன் மிமிட்சா மைக்கைத் தட்டிப் பார்த்தார்.
நன்றிப் பட்டியல் நான்கு பக்கம்.
துறைமுக நிறுவனத்துக்கு. நகரசபைக்கு.
சட்டங்களைப் பாதி விலைக்குத் தந்த மரக்கடைக்கு.
கூரை ஒழுகிய ஜூலையில்
இரவெல்லாம் வாளி மாற்றிய காவலாளி எவுசேபியோவுக்கு.
(நியாயம். உள்ளங்கை சிவக்கக் கைதட்டினேன்.)
"மற்றும் அனைவருக்கும்."
அந்த "மற்றும்" எனக்குப் பழகிய இடம்.
நண்டு ஆலையிலும் அங்கேதான் நிற்கிறேன்.

நான் வந்தது வாங்கிப் போவதற்கு அல்ல.
ஒரு நன்றி என்னிடம் பாக்கியிருக்கிறது,
யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல்.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட்.
பகலெல்லாம் நண்டு ஓடு உடைத்த கைகளோடு
வியாழன் மாலைகளில் மேடையில் உட்காருவேன்.
இருபது நிமிடம் அசையக்கூடாது.
மூக்கு அரிக்கும்.
கொடுக்க வேண்டிய வாடகை நினைவுக்கு வரும்.
இடுப்புக்குக் கீழே யாருடைய கால்களோ.
பார்வை தரையில் ஓர் ஆணியின்மேல்.
கூடத்துக்கு ஒரே ஒரு கேஸ் ஹீட்டர்,
அது எப்போதும் மாணவர்களைப் பார்த்தபடி.

எல்லோரும் கோட்டில் மூழ்கிய பிறகு
சக்கரம் கிறீச்சிடும்.
யாரோ அதை என் பக்கம் திருப்புவார்கள்.
ஆணிக்கும் ஹீட்டருக்கும் நடுவே
ஒரு ஜோடிக் காலணிகள் மட்டும் தெரியும்,
நாடாவுக்குப் பதில் பச்சை மீன்வலைக் கயிறு.
பையன் என்று நினைத்திருந்தேன்.

இன்று தரையைப் பார்த்தே சுற்றி வந்தேன்.
விழா நாள்;
எல்லார் காலிலும் பாலிஷ்.

பிறகுதான் அது, கழிப்பறைக்குப் போகும் வழியில்,
பரிசு பெறாதவற்றின் வரிசையில்.
நன்றாக வரைந்ததில்லை. கழுத்து கோணல்.
ஆனால் விரல்களில் நண்டு கீறிய கோடுகள் இருந்தன,
இடது கணுக்காலில் மட்டும் ஆரஞ்சு வெளிச்சம்,
ஓரத்தில் பாதி ஹீட்டர்.
கீழே பெயர்: ரயேன் மியாகூரா.

எம்பனாடா மேசையருகே இருந்தாள்,
இரவல் குதிகால் செருப்பில் தள்ளாடிக்கொண்டு.
முன்னால் போய் நின்றேன்.
கண்ணைச் சுருக்கினாள்.
"கொஞ்சம் இடப்பக்கம் திரும்புங்கள்" என்றாள்.
திரும்பினேன்.
"அய்யோ, நீங்களா!"

ஹீட்டருக்கு நன்றி என்றேன்.
வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னாள்:
"நீங்கள் நடுங்கினால் எனக்குக் கோடு தவறும், அதனால்தான்."
சொல்லிவிட்டு அவளுக்கே காது சிவந்தது.

இருக்கட்டும்.
கணுக்கால் காரணம் கேட்டதா?

ஆளுக்கொரு எம்பனாடா எடுத்தோம்.
"மார்ச்சில் வருவீர்கள் அல்லவா?"
"வருவேன்.
அந்தச் சக்கரத்துக்கு மட்டும்
எண்ணெய் போட்டுவிடாதே."