வில்லுக்கத்தி

விடிய நாலரைக்கு
குருநகர் இறங்குதுறையில
நான் எழும்பியிட்டன். விரல்கள் எழும்பேல்லை.
சுடுதண்ணிப் போத்தலை உள்ளங்கையில உருட்டி
ஒவ்வொண்டாய்க் கூப்பிட வேணும்.
சின்னவிரல் வரும்.
பெருவிரல் வராது.
பெருவிரல் வராட்டில்
வில்லுக்கத்தி திறக்கிறது எப்பிடி?

ஸ்ரான்லி வீதிக் கடையில
அறுநூற்றைம்பது ரூபா.
"இறுக்கமாத்தான் இருக்கும் அக்கா,
பழகப் பழக இளகும்" எண்டான்.
மூண்டு வருசமாப் பழகுறம்.
உப்புத்தண்ணி அதின்ர மூட்டுக்குள்ளயும் போய்
என்ர மூட்டுக்குள்ளயும் போய்
இப்ப ரெண்டுபேரும் ஒரே இறுக்கம்.

அலகில ஒரு நகக்குழி இருக்கு,
பிறை மாதிரி, அரிசிமணி அளவு.
நகம் வைச்சு இழுக்க வேணுமாம்.
செய்தவனுக்கு நகம் இருந்திருக்கும்.
என்ர நகத்தில பாதி வலைக்கு, பாதி நண்டுக்கு.
பத்து ரூபாக் குத்தியால தெண்டிப் பார்த்தன்,
குத்தி வழுக்கிக் கடலுக்குள்ள போச்சு.
தையல் மெசின் எண்ணெய் விட்டன்.
தேங்காயெண்ணெய் விட்டன்.
ஒருநாள் பல்லால இழுத்தன்,
அந்தக் கதை வேண்டாம்.

"மடக்காத கத்தி ஒண்டு வாங்கன்" எண்டாள் எமல்டா.
இடுப்பளவு தண்ணிக்குள்ள நிண்டு
நண்டு வலை இழுக்கிறவள்
திறந்த கத்தியை எங்க செருகுறது,
சொல்லு பாப்பம்?
அவள் சொல்லேல்லை.
என்ர கையிலயிருந்து வாங்கி
டக் எண்டு விரிச்சுத் தந்தாள்.
அடுத்த நாளும். அதுக்கடுத்த நாளும்.
பிறகு நான் கேக்காமலே கை நீட்டினாள்.
நல்லவள்தான்.
அந்த 'டக்'தான் எனக்குப் பிடிக்கேல்லை.

நண்டைப் பாருங்கோ.
உடம்பு முழுக்க நூல் சுத்தி,
சாகப்போற நேரத்திலயும்
கொடுக்கைத் திறந்து மூடித் திறந்து மூடி.
ஆர் எண்ணெய் விட்டது அதுக்கு?
எரிச்சலோடதான் நூலை வெட்டி எடுப்பன்.

வியாழக்கிழமை பெரியாஸ்பத்திரி கிளினிக்.
டொக்டர் பெடியன் தாளைப் பார்த்துக் கேட்டார்:
பொத்தான் பூட்டுவீங்களோ?
தலை இழுப்பீங்களோ?
கோப்பை தூக்குவீங்களோ?
நாலு பெட்டி கிடக்கு தாளில:
சிரமமில்லை, கொஞ்சம் சிரமம்,
கனக்கச் சிரமம், ஏலாது.
"வில்லுக்கத்தி?" எண்டன்.
அது தாளில இல்லையாம்.

அண்டு பின்னேரம்
சைக்கிள் கடை றொக்சனிட்டக் குடுத்து
நகக்குழிக்குப் பக்கத்தில ஒரு துளை போடுவிச்சன்.
துளைக்குள்ள தங்கூசி,
தங்கூசியில ஒரு சுருக்கு.
இறங்குதுறைக் கட்டையில
ஆரோ எதுக்கோ அடிச்ச ஆணி ஒண்டு இருந்தது.
சுருக்கை ஆணியில கொழுவி
பிடியைக் கமக்கட்டுக்குள்ள இறுக்கி
பின்னால ரெண்டடி நடந்தன்.

விரலால இல்லை.
தோளால, முதுகால, குதிக்காலால
கத்தி திறந்தது.
மெதுவா. முனகிக்கொண்டு.
எமல்டா நீட்டின கையை
சீலையில துடைச்சுக்கொண்டு போனாள்.

அடுத்த மாசக் கிளினிக்குக்கு
கத்தி என்ர பையுக்குள்ள வந்தது.
பொத்தானைக் கேக்க முந்தி எழும்பி
கதவுக் கொளுக்கியில சுருக்கைப் போட்டு
ரெண்டடி பின்னால போனன்.
வரிசையில இருந்த சனம் எழும்பி நிண்டுது.
காவலாளி ஓடிவந்தான்,
"கத்தியோ? ஆஸ்பத்திரிக்குள்ளயோ?"
டொக்டர் அவனை நிப்பாட்டிப்போட்டு
தாளைப் பார்த்தார்.
முதல் பெட்டிக்கு மேல ஒருக்கா,
மூண்டாம் பெட்டிக்கு மேல ஒருக்கா,
பேனை எங்கயும் இறங்கேல்லை.

"சரி அம்மா, மடக்குங்கோ."

அதுக்கு இன்னும் வழி கண்டுபிடிக்கேல்லை.
கத்தியை அவரிட்ட நீட்டினன்.
ஒரு கையால அமத்திப் பார்த்தார்.
பெருவிரல் நகம் வெள்ளையாப் போச்சு.
பேனையை மேசையில வைச்சிட்டு
மற்றக் கையையும் கொண்டுவந்தார்.